திருகு வைத்த செட்டு

கடைக்குள் நுழைந்ததும் சுவர்தான் முதலில் கண்ணில் அறைகிறது, சுவர் முழுக்கக் காரில் மாட்டுகிற பாட்டு செட்டுகள், அத்தனை திரையும் ஒரே நேரத்தில் எரிகின்றன, ஒன்றில் அருவி கொட்டுகிறது, ஒன்றில் பச்சைக்கிளி பறக்கிறது, ஒன்றில் ஏதோ ஒரு நாட்டு மலைப்பாதையில் சிவப்பு வண்டி வளைந்து வளைந்து இறங்குகிறது, பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது, இவருக்குத் தெரிவது ஏசியின் குளிரும் புது ரெக்சின் வாடையும் என் தோள்பையின் வாரும்தான். வாரை இரண்டே விரலால் பிடித்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்குப் பொண்டாட்டி பையில் கை வைத்தபடி நடக்கிற சாதாரணப் புருஷன். படி வந்தால் நான் ஒரு நொடி நிற்பேன், வளைவு வந்தால் பையைக் கொஞ்சம் சாய்ப்பேன், இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, ஆறு வருஷத்தில் தானாக வந்து படிந்தது. வாங்க அண்ணாச்சி, என்ன வண்டி என்று கடைக்காரர் இவரைப் பார்த்துத்தான் கேட்டார். சத்தம் வந்த பக்கம் சரியாகத் திரும்பி வண்டியையும் வருஷத்தையும் இவர் சொன்னார், கண்ணுக்கு நேர் கண் வைத்து, இம்மிகூட விலகாமல். பாளையங்கோட்டை கார் ஸ்டாண்டில் இருபத்தேழு வருஷம் ஜெபமணி டிரைவர் என்று பேர் வாங்கிய மனுஷர், குரலை வைத்தே ஆள் எவ்வளவு உயரம், எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடுவார். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமைக்கு அடியிலேயே பயமும் இருந்தது, இன்னும் எவ்வளவு நேரத்துக்கு இது தாக்குப்பிடிக்கும், கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆளின் குரல் மாறுமே, எல்லாருடைய குரலும் மாறுமே, சின்னப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, சத்தமாக, ஏதோ காதும் சேர்ந்து போய்விட்ட மாதிரி. அந்தக் குரல் மாற்றத்தைத்தான் இவரால் தாங்க முடியாது. கம்பு வேண்டாம் என்கிறார், கறுப்புக் கண்ணாடி வேண்டாம் என்கிறார், என் பை வார் போதும் என்கிறார், சரி, போதட்டும்.

கடைக்காரர் பேர் செந்தூர்பாண்டி, ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் அச்சடித்திருந்தது, முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், நல்ல சுறுசுறுப்பு. இப்ப எல்லாரும் இதத்தான் போடுதாங்க என்று ஒரு பெரிய திரைக்குமுன் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். விரலால் தொட்டால் போதுமாம், மேப் வருமாம், பின்னால் கேமரா வைத்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் அத்தனையும் தெரியுமாம். எனக்குக் கை பரபரத்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது வேண்டும்தான். ஸ்டாண்டில் புதுசாக வந்த மூன்று வண்டியிலும் அதுதான் இருக்கிறது, சென்னையிலிருந்து மகள் பெனிட்டா போன்போட்டு, அம்மா டச் ஸ்கிரீன் வாங்கு, பஸ் காலத்துத் திருகு செட்ட வாங்கித் தொலைக்காத என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் ஓட்டுகிற வண்டி. காலையில் நாலு டீச்சர்களைச் சமாதானபுரத்தில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன், அப்புறம் ஆஸ்பத்திரிச் சவாரி, வாகைக்குளம் ஏர்போர்ட், கல்யாணத்துக்கு நாகர்கோவில், தனியாகப் போகிற பொம்பளைகள் ரூபி அக்கா வண்டி இருந்தா அனுப்புங்க என்று கேட்டு வாங்குகிறார்கள். ஐந்து வருஷத்தில் இடது பக்கக் கதவில் ஒரே ஒரு கீறல், அதுவும் நிறுத்தி வைத்திருக்கும்போது எவனோ போட்டது. இந்தத் திரையை வைத்தால் வண்டிக்கு ஒரு களை வரும், ஏறுகிறவர்கள் பார்ப்பார்கள், அக்கா செட்டு மாத்தியாச்சா என்பார்கள். விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வழவழவென்று குளிர்ந்து கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி. கையை எடுத்துக்கொண்டேன். எடுத்த விரலைச் சேலையில் துடைத்தேன், எதற்குத் துடைத்தேன் என்று தெரியவில்லை.

பழைய செட்டு செத்தது வல்லநாட்டில் வைத்து. ஏர்போர்ட்டில் ஆள் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வருகிறோம், சண்முகா நதி பக்கம் மழை என்றோ என்னவோ ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கரகரவென்று ஒரு சத்தம், ரப்பர் கருகுகிற வாடை, அவ்வளவுதான். போச்சு என்றார் இவர். ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துவிட்டு உள்ளே எல்லாம் வெந்துபோச்சு, புதுசு போட்டுக்கிடுங்க என்றுவிட்டார். அதற்கப்புறம் மூன்று வாரம் வண்டிக்குள் சத்தமே இல்லை. சத்தமே இல்லை என்று எப்படிச் சொல்ல, முதல் இரண்டு நாள் இவர் என் ஓட்டத்தைக் கேட்க ஆரம்பித்தார், கிளட்ச்ச முழுசா மிதி, இப்ப ஏன் பிரேக், பின்னால லாரி ஒட்டி வாரான் பாரு என்று ஒன்று மாற்றி ஒன்று. வலது பக்கம் எனக்குக் கண்ணாடி இருக்கிறது, எனக்கே லாரி தெரிகிறது, ஆனாலும் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஒரு காலத்தில் கொடைக்கானல் சவாரியில் பனிக்குள் மாட்டிக்கொண்டது, கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவந்தது, டிரைவர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாம். முப்பது வருஷம் கழித்து இதைச் சொல்கிறார். நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்திருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், இந்த நினைப்பு வந்ததிலிருந்து செட்டு வாங்கப் போவோம் என்று இவர் சொல்லும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று நான்தான் தள்ளினேன். தள்ளியிருக்கக் கூடாது. மூன்று வாரம் பேசிய பேச்சில் ஒருநாள் பேச்சை மட்டும் நான் கேட்காமலே இருந்திருக்கலாம். இல்லை, கேட்டதும் நல்லதுதான். நல்லதா என்று இன்னும் தெரியவில்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது செட்டு.

செட்டு என்பது இவருக்கு வெறும் பாட்டுப்பெட்டி இல்லை, அதை இந்தச் செந்தூர்பாண்டியிடம் எப்படிச் சொல்வேன். நான் லைசென்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்த முதல் ஒரு வருஷம் இவர் முன்சீட்டில் உட்காரவே இல்லை. பின்னால்தான் உட்கார்வார், அதுவும் சவாரி இல்லாத நாளில் மட்டும், கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதையோ பார்க்கிற மாதிரி. டிரைவர் சீட்டில் நான் இருக்க, அந்தப் பக்கத்துச் சீட்டு காலியாக ஆடிக்கொண்டே வரும். அழுதிருக்கிறேன், ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் தெரியாமல், பிறகுதான் உறைத்தது கண்ணாடியில் தெரிந்தாலும் இவருக்குத் தெரியாதே என்று, அதற்கும் ஒருமுறை அழுதேன். அப்புறம் ஒரு புதன்கிழமை, அரைநாள் சவாரி முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், இவர் கதவைத் தடவிக்கொண்டே வந்தார், பின்கதவைத் தாண்டினார், முன்கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், பெல்ட் போட்டார். கையை நீட்டி ரேடியோ திருகைத் திருப்பினார், டக் என்று ஒரு சத்தம், பேச்சு வந்தது. எடு போவோம் என்றார். எங்கே என்று கேட்கவில்லை நான். சும்மாவே முறப்பநாடு வரைக்கும் போய்விட்டு வந்தோம். அன்றையிலிருந்து எல்லாச் சவாரிக்கும் வருகிறார், ஆள் ஏறினதும் சத்தத்தைக் குறைப்பதும், பிள்ளை தூங்கினால் அணைப்பதும், மழை வந்தால் செய்தி வைப்பதும் இவர் வேலை. அந்த ஒரு திருகுதான் வண்டியில் இவருக்கென்று இருந்த இடம். ஸ்டியரிங் எனக்கு, திருகு இவருக்கு. இப்போது அந்த இடத்தில் இந்தக் கண்ணாடியை வைத்தால் இவர் கை எங்கே போகும், வழுக்கி வழுக்கி, அருவியையும் கிளியையும் தடவிக்கொண்டு.

அண்ணாச்சி இங்க பாருங்க என்று கூப்பிட்டுச் செந்தூர்பாண்டி கேமராவைக் கையில் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பினார். திரையில் தெரு வந்தது, எதிரே பரோட்டாக் கடை, கல்லின் முன்னால் நிற்கிற ஆள், அவன் பனியனில் இருந்த ஓட்டைகூடத் தெரிந்தது. எவ்வளவு கிளியரா இருக்கு பாத்தீயளா என்றார். இவர் தலையை லேசாக முன்னால் கொண்டுபோனார், ஒரு நொடி, கண்ணைச் சுருக்கினார், அந்தச் சுருக்கலை நான் ஆறு வருஷமாகப் பார்க்கவே இல்லை, நல்லாத்தான் இருக்கு என்றார். ஐயோ. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டார், இனி அடுத்த கேள்வி இதையே போட்டுரலாமா என்று வரும், போட்டுருங்க என்று சொல்லிவிடுவார், வீம்புக்குச் சொல்லிவிடுவார், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கண்ணாடி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார், சத்தம் கூட்டவும் குறைக்கவும் என்னைக் கேட்பார், கேட்கவே மாட்டார், பேசாமல் வருவார், மறுபடியும் பின்சீட்டுக்குப் போய்விடுவார். நான் சொல்லிவிடலாமா. இவுகளுக்குக் கண் தெரியாதுங்க. மூன்றே சொல், நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் கடைக்காரரின் குரல் மாறும், இவர் முகம் மாறும், இவர் விரல் என் பை வாரை விட்டுவிடும். இவர் வாழ்க்கையில் இவர் சொல்ல வேண்டியதை நான் சொல்வது, அது திருட்டு மாதிரி. சொல்லாமல் நிற்பதும் ஒருவகையில் தள்ளிவிடுகிற மாதிரிதான்.

நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும்தான் அன்றைக்கு அதைச் சொன்னார், செட்டு செத்து எட்டாவது நாள். வண்டிக்குள் காற்றுச் சத்தம் மட்டும். மூன்றடைப்பு வந்துட்டா என்று கேட்டார். வரப்போவுது என்றேன். வந்ததும் சொல்லு என்றார். வந்ததும் சொன்னேன். அப்போது ஆரம்பித்தார். கண் பிரஷர் என்று டாக்டர் சொல்வதற்கு எட்டு மாதம் முன்னாலேயே இவருக்குப் பக்கவாட்டுப் பார்வை குறைய ஆரம்பித்துவிட்டதாம், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் என்னையும் பெனிட்டாவையும் வைத்து மணப்பாடு போய் வந்திருக்கிறார். கல்யாண வீட்டுக்காரர்களை, கைக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இதே மூன்றடைப்பில் வைத்து ஒருநாள் மத்தியானம் இடது பக்கமிருந்து சைக்கிளில் ஒருத்தர் வாழை இலைக் கட்டோடு வந்திருக்கிறார், இவருக்குத் தெரியவே இல்லை, சைடு கண்ணாடி கட்டில் உரசின சத்தம் கேட்டுத்தான் பிரேக் அடித்திருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் ஊன்றி நின்றுவிட்டார். இலை மட்டும் ரோடு முழுக்கச் சிதறிவிட்டது. இவர் இறங்கி ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிக் கொடுத்தாராம். குனிந்து பொறுக்கும்போது பக்கத்தில் கிடக்கிற இலைகூடக் கண்ணுக்குச் சிக்கவில்லையாம், அந்த மனுஷர்தான் இன்னா கிடக்கு, இந்தா கிடக்கு என்று காட்டினாராம். அதோடு சரி, இருபது வேகத்தில் வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் கொடுத்தார். அந்தச் சாவியை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன், வெயிலில் சுட்டது, தலைவலிக்கி, ரெண்டு நாள் வண்டி எடுக்கல என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு நாலு நாள் கழித்து. நான் இத்தனை வருஷமும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

ஊர் வந்து சேரும்வரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். எட்டு மாதம் எட்டு மாதம் என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது மனசு. மணப்பாடு ரோட்டில் பெனிட்டா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வந்தாளே, உப்பளத்தில் லாரிகள் திரும்புமே. அன்றைக்குப் பூராவும் கோபம், மறுநாளும் கோபம், இவருக்குச் சோறு போட்டுவிட்டு அடுக்களையில் நின்றே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் டீச்சர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு பக்கம் தெரிந்தது. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், ஒரு உயிர்ச்சேதமும் ஆகாமல் இருந்தபோதே சாவியைக் கொடுத்த மனுஷர் இவர்தானே. வேறு ஒருவராக இருந்தால் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு சவாரி என்று இழுத்திருப்பார், இழுத்தவர்கள் இருக்கிறார்கள். இருபத்தேழு வருஷம் தெரிந்த ஒரே தொழிலை நடுரோட்டில் வாழை இலை பொறுக்கிக்கொண்டே விட்டுவிட்டு வந்திருக்கிறார். டாக்டர் நிறுத்தினார் என்பதைவிட இது எவ்வளவு பெரியது, ஏன் இதை மறைத்தார், எட்டு மாதத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் சேர்த்துப் புதைத்துவிட்டார். வெட்கத்தை மூடப்போய்ப் பெருமையையும் சேர்த்து மூடிவிட்டார். இதை இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கோபம் முழுசாகப் போய்விட்டதா என்றும் தெரியவில்லை, மணப்பாடு மட்டும் இன்னும் ஆறவில்லை.

அப்ப இதையே போட்டுரலாமா அண்ணாச்சி. கேட்டேவிட்டார். நான் முந்திக்கொண்டேன். திருகு வச்ச செட்டு இருக்கா, எனக்கு ஓட்டும்போது கண்ணு ரோட்டுலதான் இருக்கணும், இதப் பாத்துப் பாத்துத் தொட முடியாது என்று என்மேல் போட்டுச் சொன்னேன். செந்தூர்பாண்டி சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை, நீங்களா அக்கா ஓட்டுதீய, அண்ணாச்சி ஓட்டுதாக, நீங்க பாட்டுக் கேட்டுட்டு வரப்போறீய என்று சொல்லிவிட்டு மறுபடி இவர் பக்கம் திரும்பினார், அண்ணாச்சி நீங்க சொல்லுங்க என்றார். பை வாரில் இருந்த விரல் இறுகியது. ஒருதரம் இறுகி, அப்புறம் விட்டுவிட்டது. முழுசாக விட்டுவிட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன், எங்கே போவார், கடை நடுவில் நிற்கிறோம், ஆனாலும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது தம்பி" என்றார் இவர். சாதாரணமாக, மணி என்ன என்று சொல்கிற மாதிரி. "ஆறு வருஷமாச்சு. வண்டி இவ ஓட்டுதா. டாக்ஸி. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வாரவன். எது வேணும்னு அவகிட்டதான் கேக்கணும்."

செந்தூர்பாண்டி கையிலிருந்த கேமரா அப்படியே நின்றது, திரையில் பரோட்டாக் கடை சாய்ந்து தெரிந்தது. நான் இவரைப் பார்த்தேன். வெளியாளிடம் இவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, சொந்தக்காரர்களிடம்கூட நான்தான் சொல்வேன், இவர் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது நிமிர்ந்து நின்றார், கை இரண்டும் தொங்க, எதையும் பிடிக்காமல். எனக்குக் கண் கலங்கும் என்று நினைத்தேன், கலங்கவில்லை, முதுகு நேரானது, அவ்வளவுதான். கடைக்காரர் குரல் மாறப்போகிறது என்று காத்திருந்தேன். மாறியது, ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை, சத்தம் குறைந்தது, வேகம் குறைந்தது, மன்னிச்சுக்கிடுங்க அக்கா, உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க என்று என்னிடம் கேட்டார். நல்ல பிள்ளைதான். எனக்கு மறுபடியும் அந்தப் பெரிய திரை கண்ணில் பட்டது, இப்போது யாரும் தடுக்கவில்லை, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம், இவரே சொல்லிவிட்டார் அவகிட்ட கேளுங்க என்று. ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. திருகு வச்சது காட்டுங்க என்றேன், என் குரலிலேயே எனக்குத் தெரிந்தது இது யாருக்காகவும் விட்டுக்கொடுக்கிற குரல் இல்லை, என் வண்டிக்கு எது வேண்டும் என்று தெரிந்த டிரைவரின் குரல்.

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இவர் விரல் இறங்கியது. முதலாவதில் திருகு சின்னது, வழுக்கியது, ஒதுக்கினார். இரண்டாவது லொடலொட என்று ஆடியது, ரெண்டு மாசத்துல கையோட வந்துரும் என்றார். மூன்றாவதில் நின்றார். திருகைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல், ஒவ்வொரு பல்லுக்கும் விரலுக்குள் டிக் என்று ஒரு தட்டு, பக்கத்தில் ஆறு பட்டன், நடுப்பட்டனில் மட்டும் ஒரு புள்ளி மேடு. இவர் விரல் அந்த மேட்டைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. ஓட விட்டுக் காட்டுங்க என்றார். பலகையில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் இணைத்துப் பாட்டுப் போட்டார் செந்தூர்பாண்டி. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், சத்தத்தை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். செட்டு நல்லாருக்கு, இடப்பக்கம் ஸ்பீக்கர்தான் கிழிஞ்சிருக்கு என்றார். இருக்காதுண்ணாச்சி, போன மாசம்தான் மாட்டுனோம் என்றார் கடைக்காரர். கழத்திப் பாருங்க என்றார் இவர். மூடியைக் கழற்றினார்கள். கறுப்புக் காகிதத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். கடையில் வயர் மாட்டிக்கொண்டிருந்த பெரியவர்கூட எழுந்துவந்து குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாளா நம்ம ஒருத்தனுக்கும் தெரியலயே என்றார். இவருக்கு வாயோரம் மட்டும் அசைந்தது. எனக்கோ கடையின் வாசலில் போய் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது, பாருங்கள், என் வீட்டுக்காரர், அத்தனை பேரும் கண்ணை வைத்துக்கொண்டு கேட்காததைக் கேட்டுவிட்டார்.

மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம், டீ வந்தது, இவர் கையில் டம்ளரைக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டேன், ஏன் சொன்னீக என்று. சுற்றி வளைக்காமல் சொன்னார், நீ எனக்காவ உன்மேல போட்டுக்கிட்ட, அவன் உன்னப் பாத்துச் சிரிச்சான், நான் பேசாம நிக்கணுமா. டீயை ஒரு மடக்குக் குடித்தார். எனக்கு அந்த நேரத்தில் வந்துவிட்டது, இரண்டு வாரமாக உள்ளேயே கிடந்தது, "சாவிய நீங்களாத்தான் குடுத்திருக்கீக" என்றேன். "டாக்டர் வாங்கல. எனக்கு அது பெருமையா இருக்கு. மணப்பாட்ட நெனச்சா இன்னும் கோவந்தான், ஆனா இதுவும் இருக்கு." இவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி உருட்டினார். கோவம் இருக்கட்டும் என்றார், அது நியாயந்தான். அவ்வளவுதான் பேசினோம். உள்ளே என் வண்டியின் டேஷ்போர்டு பிரிந்து வயர்கள் வெளியே தொங்கின, பச்சை, மஞ்சள், ஊதா, இத்தனை வருஷம் ஓட்டுகிறேன் உள்ளே இவ்வளவு இருக்கும் என்று தெரியாது, ஒவ்வொன்றும் எங்கேயோ போய் எதையோ பேச வைக்கிறது.

வண்டியை வெளியே எடுக்கச் சந்து குறுகல். இரண்டு பக்கமும் பைக், பின்னால் சாக்கடைப் பலகை. நம்ம ஆள எடுக்கச் சொல்லட்டுமா அக்கா என்று செந்தூர்பாண்டி மரியாதையாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணாடியைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஒரே எடுப்பில், எங்கேயும் நிறுத்தாமல், பலகையில் சக்கரம் ஏறாமல், பைபாஸ் ரோட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுவிட்டுப் புதுத் திருகைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பினார், யாரோ வெயிலைப் பற்றிப் பேசினார்கள், ஸ்டேஷன் மாற்றினார், விளம்பரம், இன்னொன்று, நாயனம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பழையதைவிடத் தெளிவு. இனி இப்படித்தான், மூன்று வாரப் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், முடிந்தால் முடியட்டும், கிடைத்ததே பெரிது. கொக்கிரகுளம் பாலம் ஏறும்போது இவர் திருகைப் பின்னால் சுற்றினார், டிக் டிக் டிக் என்று இறங்கி இறங்கி அணைந்தது. என்ன ஆச்சு, பிடிக்கலயா என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு. அது அங்கதான் இருக்கும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி, "வெளிய என்ன தெரியுது, சொல்லு."

ஆறு வருஷத்தில் கேட்டதில்லை. சிக்னல் விழுந்துட்டா என்று கேட்பார், எங்க வந்திருக்கோம் என்று கேட்பார், என்ன தெரியுது என்று கேட்டதே இல்லை, கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. நான் வேகத்தைக் குறைத்தேன். ஆத்துல தண்ணி போவுது என்றேன், பாதி ஆத்துக்குத்தான், மீதி மணலும் கோரையும். வேற என்றார். ஆத்தோர மண்டபத்துப் படியில ரெண்டு பேரு துணி காயப் போட்டிருக்காக, ஒரு செவப்புச் சேல, நீளமா, காத்துல ஒரு முனை மட்டும் தூக்குது. எந்தப் பக்கமா தூக்குது என்று கேட்டார். மேக்க என்றேன். தலையாட்டினார். கொக்கு நிக்கி, எண்ணிச் சொல்லட்டுமா என்றேன், எண்ண வேண்டாம், எப்படி நிக்கின்னு சொல்லு என்றார். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான், மறுபடியும் அடித்தான், நான் இடது ஓரம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டுவிட்டு, தண்ணிக்குள் ஒற்றைக் காலில் ஒன்று நிற்பதையும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இப்போதுதான் வந்து இறங்கி இறக்கையை மடக்குவதையும் சொல்லிக்கொண்டே மெதுவாக ஓட்டினேன்.